மருந்து சாப்பிடாதவள் என்று எழுதினார்கள்

புஷ்பலதா ஆண்டிக்கு என்னைப் பிடிக்காது. ஈப்போவில், புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். எனக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்த செய்தியை அம்மா இனிப்போடு போய்ச் சொன்னபோது, "அப்பச் சரி, சட்டையைத் தூக்குன்னு சொல்ல இன்னொரு ஆளு வரப்போவுது" என்றாராம். அம்மா அடுத்த தீபாவளி வரைக்கும் அவரோடு பேசவில்லை.

அவர் சும்மா சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். இன்றைக்கு அங்கே எல்லாம் செம்பனை எண்ணெய் மரம். அவருடைய அம்மா செல்லாயி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். ஆண்டிக்குப் பதினொரு வயதில் தொண்டை வலி வந்தது. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஒரு தைலத்தைக் கொடுத்து, "விளையாடுற புள்ள, எங்கயாச்சும் விழுந்திருக்கும்" என்று அனுப்பிவிட்டார். அது வாதக் காய்ச்சல். மூட்டை விட்டுவிட்டு இதயத்தில் போய் உட்காருகிற காய்ச்சல். இருபத்தொன்பது வயதில் மகன் ரூபனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. அப்போதுதான் ஈப்போ டாக்டர்கள் சொன்னார்கள்: இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, இனி அடுத்த பிள்ளை வேண்டாம்.

அந்தச் சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் போகும்போது ஒரு சத்தம் வரும். தாழ்ந்த, உருளுகிற சத்தம். பெரும்பாலானவர்களிடம் அதைக் கேட்டுப் பிடிப்பது கஷ்டம். ஆண்டியிடம் தெளிவாகக் கேட்கும். அதனால் ஈப்போவில் படித்த மருத்துவ மாணவர்கள் வருடக்கணக்கில் அவர் நெஞ்சைக் கேட்டுத்தான் தேறினார்கள். கிளினிக்குக்குப் போனால் ஆறு பேர், ஏழு பேர் வரிசையில் நிற்பார்கள். பரீட்சைக்கும் கூப்பிடுவார்கள். அவர் போவார், ஆனால் யாரிடமும் சிரிக்க மாட்டார். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். திரையை இழுத்து மூட வேண்டும். முதலில் பெயரைக் கேட்க வேண்டும். ஒருமுறை பெயர் கேட்காமல் நேராக ஸ்டெதஸ்கோப்பை வைத்த மாணவனின் கையைத் தட்டிவிட்டு, பரீட்சை நடத்திய டாக்டரிடமே, "இவனைப் பாஸ் போட்டீங்கன்னா அடுத்த தடவ நான் வரமாட்டேன்" என்றாராம். இதை அவர் கணவர் பத்துமலை மாமாதான் சொன்னார். லாரி ஓட்டுகிறவர், சண்டை என்றால் காத தூரம் ஓடுகிறவர்.

2020 மார்ச்சில் கோவிட்டால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நான் தெற்கே ஒரு தனியார் கல்லூரியில் நாலாம் வருடம். மருத்துவமனைக்குள் மாணவர்கள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு புந்தோங் வந்து சேர்ந்தேன்.

அதற்கப்புறம் நான் கற்ற மருத்துவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். காலை எட்டு மணிக்கு லேப்டாப்பில் வார்டு. யாரோ ஒரு டாக்டர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நடப்பார், படம் ஆடும், பாதி நேரம் கூரை தெரியும். வயிற்றை எப்படி அழுத்திப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்த நாளில் எல்லோரும் ஆளுக்கொரு தலையணையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நூற்றுப்பத்துப் பேர், நூற்றுப்பத்துத் தலையணை. "கல்லீரல் விளிம்பு தட்டுப்படுதா?" என்று விரிவுரையாளர் கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நானும் ஆமாம் என்று தட்டிவிட்டேன். கணினியில் செய்து வைத்த நோயாளிகளும் உண்டு. கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் பதில் சொல்வார்கள், தப்பான மருந்து கொடுத்தால் செத்துப்போவார்கள், மறுபடி தொடங்கு என்று அழுத்தினால் எழுந்து உட்காருவார்கள்.

ஆண்டி வேலை செய்த பள்ளிக்கூடக் கேண்டீனும் மூடிக் கிடந்தது. ஜூன் மாதம் அவருக்கு டாக்டர் மெய்யப்பனிடமிருந்து போன் வந்தது. ஈப்போவிலேயே இன்னொரு தனியார் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர், செட்டிநாட்டுக் குடும்பத்துக்காரர், ஆண்டியைப் பன்னிரண்டு வருடமாகப் பரீட்சைகளில் பார்த்தவர். மாணவர்களுக்கு நோயாளியே இல்லை, ஒரு மணி நேரம் வந்தால் போதும், சத்தத்தைப் பதிவு செய்துகொள்கிறோம் என்றார். ஆண்டி மூன்று நிபந்தனை போட்டார். முகம் தெரியக் கூடாது. அவருடைய மாணவர்களைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. மருத்துவமனை திறந்ததும் அழித்துவிட வேண்டும். டாக்டர் மூன்றுக்கும் சரி என்றார். போன இடத்தில் ஆங்கிலத்தில் நாலு பக்க ஃபாரம் நீட்டினார்கள். ஆண்டி கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்து, 2021 பிப்ரவரியில், எங்கள் கல்லூரிப் பாடத்தில் ஒரு புதிய இதய நோயாளி வந்தார். கல்லூரிகள் தங்களுக்குள் பாடங்களைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கியிருந்த நேரம் அது. முதலில் எழுத்தில் விவரம் இருந்தது: ஐம்பத்திரண்டு வயது இந்தியப் பெண், முன்னாள் தோட்டத் தொழிலாளி, படிப்பறிவு குறைவு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர், கிளினிக் தேதிகளைத் தவறவிடுபவர். கீழே கேள்வி: இந்த நோயாளியின் நிலை மோசமானதற்கு முக்கியக் காரணம் என்ன? நாலு விடை. நான் மூன்றாவதை அழுத்தினேன், மருந்து சாப்பிடாதது. பச்சை நிறத்தில் சரி என்று வந்தது.

அதற்குப் பிறகுதான் வீடியோ ஓடியது. இடது பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்த ஒரு பெண். கேமரா மேலே நகர்ந்தபோது இரண்டு விநாடி முகம் தெரிந்தது. முகக்கவசம்தான், ஆனால் அந்தப் புருவத்தை எனக்குத் தெரியாதா? சுவருக்கு அந்தப் பக்கம் அதே ஆள் மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தார், எனக்குத் தும்மல் வந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அடுத்த நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தார். தன் நெஞ்சு திரையில் ஏறி இறங்குவதை முகம் மாறாமல் பார்த்தார். பின்னால் பத்துமலை மாமா தலையைத் திருப்பிக்கொண்டார்.

"மேல என்னா எழுதியிருக்கு?"

"உங்க வயசு, நோயி எல்லாம் ஆண்டி. சும்மா பாடத்துக்கு..."

"முழுசா சொல்லு."

சொன்னேன். படிப்பறிவு குறைவு என்பதைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மருந்து சாப்பிடாதவர் என்றதும் நாற்காலியை நகர்த்தி எழுந்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். உள்ளே அவருடைய வார்ஃபரின் புத்தகங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மருந்து அது. ஒவ்வொரு தடவை ரத்தம் சோதிக்கும்போதும் அந்தச் சின்னப் புத்தகத்தில் எழுதி, அடுத்த தேதியும் போட்டுக் கொடுப்பார்கள். பத்தொன்பது வருடத்துப் புத்தகங்கள், ஒன்றைக்கூட எறியவில்லை.

"தேதி பாரு. ஒண்ணு தவறியிருந்தா காட்டு."

நான் பார்த்தேன். மாமியார் இறந்த வாரத்திலும் ரூபன் கல்யாணத்துக்கு முதல் நாளிலும்கூட முத்திரை இருந்தது.

"கேள்வி கேட்டாங்கன்னு சொன்னியே, நீ எந்தப் பதில போட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வெளிய போ" என்றார்.

போய்விட்டேன். மறுநாள் காலையில் அவரே வேலிப்பக்கம் வந்து, "ஏய், தினேஸ்வரி! டாக்டருக்குப் போன் போடணும். நீயும் பக்கத்துல நின்னு கேளு, நாளைக்கு நான் பேசலன்னு சொல்லிருவானுங்க" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டார். டாக்டர் மெய்யப்பன் மரியாதையாகத்தான் பேசினார்.

"புஷ்பலதாம்மா, அது உங்களப் பத்தி எழுதினது இல்லம்மா. கேஸ்னா ஒரு கதை வேணும். ஏற்கெனவே இருக்கிற மாதிரி ஒண்ண எடுத்துப் போட்டோம்."

"படம் என்னுது, நெஞ்சு என்னுது. கதை மட்டும் வேற ஆளோடதா?"

"உங்க பேரு எங்கயும் இல்லையே."

"மூஞ்சி இருக்கு. ஊரு பூரா போயிருக்கு. எங்க பக்கத்து வீட்டுப் புள்ளையே பாத்துட்டு வந்து நிக்குது."

அந்தப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்துல மத்த கல்லூரிக்குக் குடுக்கலாம்னு இருக்கும்மா. மூணாம் பக்கத்துல" என்றார். குரலில் அந்தப் பழைய மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

"வாயால என்னா சொன்னீங்க?"

"அப்ப இருந்த நெலமை வேறம்மா. மூணு வாரத்துல நாப்பது கேஸ் செய்யச் சொன்னாங்க. நான் கோவிட் வார்டும் பாத்துக்கிட்டு..."

ஆண்டி போனை வைத்துவிட்டார். "விடு லா புஷ்பா. பெரிய எடத்துக்காரங்க" என்றார் மாமா. ஆண்டி அவரைப் பார்த்த பார்வையில் மாமா லாரியைக் கழுவப் போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து ஆண்டி நேராகக் கல்லூரிக்கே போனார். நுழைவாயிலில் காவலுக்கு நின்ற ஜாகா உடம்புச் சூடு பார்த்தார், கைப்பேசியில் மைசெஜாத்ரா என்ற கோவிட் செயலியைக் காட்டச் சொன்னார், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், போன் போட்டுப் பேசிவிட்டு, வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்றார். முன்பு பரீட்சைக்கு அழைத்துப்போக வேன் அனுப்பிய இடம் அது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினார். அன்று மாலை அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் கேட்டபோது, "ஒன் வேலையப் பாரு" என்றார்.

ஏப்ரலில் அந்தக் கல்லூரியின் பரீட்சை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆன்லைனில் தேர்வு, நோயாளியிடம் கேள்வி கேட்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும், நிறையப் பேர் வரமாட்டேன் என்கிறார்கள், நீங்கள் வீட்டிலிருந்தே வரலாம். இந்தச் சண்டை எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஆண்டி உடனே சரி என்றார்.

லேப்டாப் என்னுடையது. திரையில் தெரியாதபடி மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அது முறையில்லை என்று எனக்குத் தெரியும். தேர்வாளர்கள் இரண்டு பேர்: டாக்டர் மெய்யப்பன், கூடவே வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர், ஒரு மலாய்ப் பெண்மணி. ஏழு மாணவர்கள், ஆளுக்கு எட்டு நிமிடம்.

முதல் மாணவன் வணக்கம் சொன்னான், மூச்சு வாங்குகிறதா, படபடப்பு இருக்கிறதா என்று கேட்டான். பிறகு மலாயில், "ஆண்டி மருந்து சாப்பிட அடிக்கடி மறந்துருவீங்க, இல்லையா?" என்றான்.

"யாரு சொன்னா?"

அவன் கண்ணைத் தாழ்த்தினான். மேசையில் எதையோ பார்த்தான். "இல்ல... சும்மா கேட்டேன்."

இரண்டாவது பெண்ணும் அதையே கேட்டாள். மூன்றாவது ஆள் கேட்கவே இல்லை, மருந்து ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனான். நாலாவதாக வந்த சீனப் பெண் மட்டும், "என்ன மருந்து, எப்போது, எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாள். ஆண்டி வேளை வேளையாகப் பதில் சொன்னார். ஐந்தாவது மாணவன் தமிழ்ப் பையன், சுரேன் என்று சொல்லிக்கொண்டான். "ஆண்டி, தோட்டத்துல இருந்தவங்களுக்கு இதோட முக்கியம் தெரியாதுல்ல, அதனாலதான் கிளினிக்கு போகாம விட்டுட்டீங்களா?" என்று கனிவாகவே கேட்டான்.

ஆண்டி பிஸ்கட் டின்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மலாயில், தேர்வாளர்களைப் பார்த்துப் பேசினார். இந்தப் பிள்ளைகள் என்னைக் கேட்க வரவில்லை, பதிலை முன்னமே படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். வருடத்தைச் சத்தமாகச் சொன்னார்.

"புஷ்பலதாம்மா, பரீட்சை நடக்குது. அப்புறம் பேசலாம்" என்று டாக்டர் தமிழில் குறுக்கே வந்தார்.

"அப்புறம்னா எங்க? ஒங்க ஜாகா என்னைய கேட்டுக்குள்ள விடல."

மலாய்ப் பேராசிரியர் கையைத் தூக்கினார். "அவர் பேசட்டும்" என்றார். ஆண்டி பேசினார். முகம், மற்ற கல்லூரிகள், படிப்பறிவு குறைவு, எல்லாவற்றையும் சொன்னார். "என் வால்வைக் கெடுத்தது அந்தத் தோட்டத்துக் கிளினிக். பதினோரு வயசுப் புள்ளைக்குத் தைலம் குடுத்து அனுப்புனது நானா?" என்றபோது மூச்சு வாங்கியது, நிறுத்தினார். சுரேனின் சதுரத்தில் அவன் வாய் திறந்தபடியே இருந்தது. டாக்டர் மெய்யப்பனின் சதுரம் கறுப்பாகியிருந்தது, கேமராவை அணைத்துவிட்டார். பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பாடத்தை எழுதியது யார்?

மிச்சம் இரண்டு மாணவர்களுக்கு வேறொரு நோயாளியைப் போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து கார் சத்தம் கேட்டது, ஒரு வெள்ளை காடி எங்கள் சந்தில் வந்து நின்றது. டாக்டர் மெய்யப்பன் இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார். வீடியோக்களில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார், கழுத்துப்பட்டை தளர்ந்து தொங்கியது. ஆண்டி கிரில் கேட்டைத் திறக்கவில்லை.

"பாடத்த நீக்கியாச்சும்மா. வெளியிலேருந்து வந்த அந்த மலாய்ப் பேராசிரியர் ரிப்போர்ட் எழுதிட்டாங்க" என்று ஒரு உறையை நீட்டினார். "மன்னிப்புக் கடிதம், கல்லூரி சார்பா."

ஆண்டி பிரித்தார். ஆங்கிலம். கம்பி வழியாகவே திருப்பிக் கொடுத்தார்.

"தமிழ்ல எழுதுங்க. கைப்பட."

"எனக்குத் தமிழ் எழுதி முப்பது வருசம் ஆச்சும்மா."

"எனக்கு இங்கிலீசே தெரியாது. நான் கையெழுத்துப் போடலையா?"

அவர் காடிக்குப் போய்ப் பேனாவும் தாளும் எடுத்தார். வெயிலில், காடியின் முன்பக்கத்தில் தாளை வைத்து, குனிந்து எழுதினார். இரண்டு தரம் கிழித்துப் போட்டார். எதிர்வீட்டுக் காளியம்மா துணி காயப்போடுகிற சாக்கில் ஒரே துண்டை மூன்று தரம் உதறினார்.

ஆண்டி வாங்கி வாசித்தார். விரலை ஒரு சொல்லில் வைத்தார்.

"தவறுதலாகன்னு இருக்கு."

"ஆமாம்மா."

"தவறுதலா இல்ல. கேக்காம. கேக்காம எழுதுனோம்னு போடுங்க."

"புஷ்பலதாம்மா, அப்ப என் புள்ளைங்களுக்கு ஒரு நோயாளி கெடையாது. ஒருத்தர் கூட. நாளைக்கு இவங்கதான் டாக்டரா வரப்போறாங்கன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. அந்தச் சத்தத்த எப்படியாச்சும் கேக்க வச்சிரணும்னுதான் செஞ்சேன்."

அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. ஆண்டிக்கும் தோன்றியிருக்கலாம். தாளைக் கம்பிக்குள்ளிருந்து நீட்டினார். "சத்தத்துக்கு நான் ஒத்துக்கிட்டேன். எழுதுங்க."

எழுதினார். திருத்திய தாளை ஆண்டி மடித்து வைத்துக்கொண்டபோது, "இப்பச் சரியாம்மா?" என்றார்.

"எழுத்துப் பிழை இருக்கு. பரவால்ல."

கிளம்பும்போது, மருத்துவமனை திறந்த பிறகு பழையபடி பரீட்சைக்கு வருவீர்களா என்று கேட்டார். ஆண்டி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த மாணவரையும் அவர் தன்மேல் கை வைக்க விடவில்லை. கிளினிக்கில் கேட்டால், "முடியாது" என்று ஒரே சொல்.

2022-இல் நான் படித்து முடித்தேன். லூமுட் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேருவதற்கு முன் வெட்கத்தை விட்டு அவரிடம் போய் நின்றேன். அந்தச் சத்தத்தை நான் ஒருமுறைகூட உயிருள்ள நெஞ்சில் கேட்டதில்லை என்றேன். "படத்துல கேட்டல்ல?" என்று கதவைச் சாத்தினார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு மீனவரின் மனைவிக்கு அதே நோய், நான் கோட்டைவிட்டேன். எனக்கு மேலே இருந்த டாக்டர் கண்டுபிடித்தார், பத்துப் பேர் முன்னால் என்னைத் திட்டினார். அன்றைக்கு எனக்குக் கல்லூரி மேல் வந்ததைவிட ஆண்டி மேல் வந்த கோபம்தான் அதிகம். அது நியாயமில்லை என்று தெரிந்தும் வெகுநாள் அதை வைத்திருந்தேன்.

போன வருடம் என் வார்டுக்குப் புதிதாக வந்த டாக்டர் ஒருத்தியின் கைப்பேசியில் அந்த வீடியோவைப் பார்த்தேன். பழையதேதான். முகம் இருந்தது, மருந்து சாப்பிடாதவர் என்ற வரியும் இருந்தது. அவள் படித்தது வேறு கல்லூரி. அங்கேயும் இன்னும் இரண்டு கல்லூரியிலும் ஓடுகிறது என்றாள்.

விடுமுறைக்கு வந்தபோது ஆண்டியிடம் சொன்னேன். இப்போது அவருக்குப் படியேறுவது கஷ்டம், ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுக் காத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையைத் துடைத்தார்.

"அந்த மூணு காலேஜ் பேரும் எழுதிக் குடு. போன் நம்பரோட."

எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு லேப்டாப்போட வந்துரு" என்றார். "பசியாறிட்டு வா. இங்க ஒண்ணும் கெடைக்காது."